ஏணி பிடித்த வேட்பாளர்

அண்ணாமலை வீட்டை ஊர் விலக்கி வைத்ததில் அவர்களுக்குச் சோற்றுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. குதிரில் சாமை இருந்தது, கொல்லையில் குச்சிக்கிழங்கு நின்றது, வேலியோரம் அவரை தன் பாட்டுக்குக் காய்த்தது. அவன் மனைவி கண்ணாயிக்கு வந்ததெல்லாம் பேச்சுப் பஞ்சம். கல்லாங்கரைப்பட்டியில் யாருக்குப் பெண் பார்க்க வந்தார்கள், வந்தவர்கள் என்ன குறை சொல்லிவிட்டுப் போனார்கள், எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் தனி அடுப்பு மூட்டினார்கள் என்று ஒன்றும் தெரியாமல் ஆவணியிலிருந்து பங்குனி வரை அவள் உயிர் தரித்திருந்ததே பெரிய காரியம்.

அவள் சுபாவம் அப்படி. மலையடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் ஏறும்போது பக்கத்தில் முகம் தெரியாத ஆள் யாராவது உட்கார்ந்தால், கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து மலைமேல் சோளக்காடு ஸ்டாப்பில் இறங்குவதற்குள் அவருடைய கல்யாணம், வழக்கு, வயிற்றுக் கோளாறு அத்தனையும் கண்ணாயி கைக்கு வந்துவிடும். வம்பு பேசுகிறவள் என்று அவளைச் சொல்ல முடியாது. இங்கே கேட்டதை அங்கே போய்ச் சொல்லமாட்டாள். தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். தெரியாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

விலக்குக்குக் காரணம் ஒரு மிளகு மூட்டை. விலை ஏறட்டும் என்று எடுத்து வைத்திருந்த மூட்டையை ஆவணியில் ஒருநாள் காணவில்லை. ஊரில் களவு என்றால் ஊர்க்கவுண்டரிடம் சொல்ல வேண்டும். அவர் மந்தையில் ஆட்களைக் கூட்டி விசாரிப்பார். அண்ணாமலை ஆத்திரத்தில் அந்த வழியை விட்டுவிட்டு, பஸ் ஏறிக் கீழே போய்ப் போலீஸில் சொல்லிவிட்டான். ஜீப் வந்தது. ஊர் ஆண்களை மந்தையில் வரிசையாக உட்கார வைத்துவிட்டு, வீடு வீடாகப் பரண் வரைக்கும் ஏறிப் பார்த்தார்கள். ஊர்க்கவுண்டர் கருப்பண்ணனும் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் மிளகு வியாபாரி சேக் மைதீன் பாய் தன் வண்டியில் மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினார். அடுத்த வீட்டுச் சரக்கை ஏற்றும்போது லோடு ஆள் இதையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டானாம். பாய் ஊர் முன்னால் கைகூப்பினார். ஊர் அவருக்கு டீ கொடுத்து அனுப்பியது. அண்ணாமலையை மட்டும் மந்தையில் விழுந்து கும்பிடச் சொன்னது. தப்புத்தான், ஆனால் விழமாட்டேன் என்று அவன் விறைத்துக்கொண்டு நின்றான். கண்ணாயியாக இருந்தால் நாலு தடவை விழுந்திருப்பாள். என்ன செய்வது, விழ வேண்டியவன் அவன்.

அதோடு எல்லாம் நின்றது. நெருப்புக் கிடையாது, தண்ணீர் கிடையாது, பேச்சுக் கிடையாது. ஊர்க்கவுண்டர் வாய் திறந்து பேசினால்தான் மற்றவர்கள் பேசலாம். இன்னொன்றும் உண்டு. விவரம் தெரியாத வெளியாள் யாராவது அந்த வீட்டில் கை நனைக்க உட்கார்ந்தால், 'நாங்க விலக்குல இருக்கறமுங்க' என்று வீட்டுக்காரர்களே முதலில் சொல்லிவிட வேண்டும். மறைத்துப் போட்டால் குற்றம் இரட்டிப்பு. சித்திரை நோம்பித் திருவிழாவுக்கு முன்னால் பெரியவர்கள் உட்கார்ந்து இதைப் பேசி முடிப்பதாக இருந்தது. அந்த நம்பிக்கையில்தான் கண்ணாயி வாயைக் கட்டிக்கொண்டு நாளைத் தள்ளினாள். அண்ணாமலையின் தம்பி பெண்டாட்டி யமுனா, ஒரே சுவர் இடைவெளியில் இருப்பவள், எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போனாள். மகள் கவிதா ஆத்தூர்ப் பக்கம் கட்டிப் போனவள். போனில் பேசுவாள், ஆனால் இந்த ஊர்ச் சேதி அவளுக்கு என்ன தெரியும்?

இதற்கிடையில் மிளகு பழுத்துவிட்டது. மலையில் மிளகுக் கொடியை, நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிடுவார்கள். மரம் நெட்டுக்குத்தலாக வளரும், கொடி அதன் உச்சி வரைக்கும் போகும். பறிக்க ஒற்றை மூங்கில் ஏணிதான். கணுவில் குச்சியைச் சாண் அளவு விட்டு நறுக்கியிருப்பார்கள், அதுதான் படி. சரிவில் சாத்திய ஒற்றை மூங்கில், கீழே பிடிக்கிறவர் அசந்தால் சுழன்றுவிடும். அதனால் ஆள் மாற்றி ஆள் போவார்கள்: இன்றைக்கு உனக்கு நான் ஏணி பிடித்தால் நாளைக்கு எனக்கு நீ. கூலி கிடையாது. ஆனால் ஏணி பிடித்தவருக்கு அன்றைக்கு அந்த வீட்டில் சோறு போட்டே ஆக வேண்டும். ஒருவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பசியோடு அனுப்பினால் அடுத்த வருஷம் கொடி காய்க்காது என்பது மலையில் இவர்கள் இருக்கும் எடப்புளி நாட்டிலும் சரி, பக்கத்து ஆலத்தூர் நாட்டிலும் சரி, யாரும் மாற்றிப் பேசாத சங்கதி.

இந்த வருஷம் அண்ணாமலைக்கு ஏணி பிடிக்கப் பெண்டாட்டியை விட்டால் ஆள் இல்லை. ஊரில் எல்லாருக்கும் பறிப்பு முடிந்து களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருக்க, இவர்கள் தோட்டத்தில் இன்னும் பாதி மரம் பாக்கி. பழுத்த மணி உதிர்ந்து காப்பிச் செடிகளுக்கு நடுவே சிவப்புச் சிவப்பாகக் கிடந்தது. மதியத்துக்கு மேல் மேகம் கட்டுகிற காலம் வேறு. ஒரு மழை பிடித்தால் போச்சு.

அன்றைக்கும் அவன் உச்சியில் இருந்தான். அவள் ஒரு காலை மூங்கிலின் அடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். பள்ளத்துத் தடத்தில் யாரோ ஏறி வருகிற சத்தம் கேட்டது. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். முந்தானையில் வட்டமாக ஒரு அட்டை குத்தியிருந்தது.

"ஏனுங்கக்கா, கல்லாங்கரைப்பட்டிக்கு இந்தத் தடந்தானுங்களா?"

குரல் கட்டி, தொண்டைக்குள்ளேயே பாதி நின்றது. ஆனால் கேள்வி கேள்விதான். ஏழு மாதத்தில் ஒரு புது மனுஷி கண்ணாயியைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி.

"இதேதான் கண்ணு. ஆரு நீ? எந்தூரு? தனியாவா வாரே? தொண்டைக்கு என்ன?"

"தேன்மொழிங்க. ஆலத்தூர் நாடு. எலெக்சன்ல நிக்கறேனுங்க. பேசிப் பேசித் தொண்டை கட்டிப் போச்சு."

"எலெக்சன்லயா!" கண்ணாயியின் பிடி தளர்ந்தது. மூங்கில் லேசாகத் திரும்பியது.

"ஏ புள்ள!" என்று மேலிருந்து அண்ணாமலை கத்தினான். "ஆரு அது?"

"எலெக்சன்ல நிக்கறாங்களாமுங்க!"

"அவங்க நிக்கட்டும். நீ ஏணியப் புடி!"

தேன்மொழி சிரித்தாள். ஜீப்பின் டயர் வெடித்துவிட்டதாகவும், மாற்றிக்கொண்டு ரோட்டைச் சுற்றி வரட்டும் என்று அவள் மட்டும் குறுக்குத் தடத்தில் இறங்கிவிட்டதாகவும் சொன்னாள். பிறகு, "கொஞ்சம் தண்ணி கெடைக்குமுங்களா?" என்றாள்.

கண்ணாயி மேலே பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள். ஏணியை விட்டு எப்படிப் போவது? தேன்மொழிக்கு அது புரிந்துவிட்டது. செருப்பைக் கீழே போட்டுவிட்டு, "நீங்க போயி எடுத்தாங்க. நான் புடிக்கறேன்" என்று கிட்டே வந்தாள்.

"உனக்குப் பழக்கமா கண்ணு?"

"எங்கப்பனுக்குப் புடிச்சுப் புடிச்சுத்தான் இந்தக் கை காய்ச்சுப் போச்சு."

சும்மா சொல்லவில்லை. இடது காலை அடிக்கணுவில் வைத்து, உடம்பை மரத்தின் பக்கம் சாய்த்து, மேலே ஒரு கையும் கீழே ஒரு கையுமாகப் பிடித்தாள். அந்தக் காலைப் பார்த்த பிறகு கண்ணாயிக்குப் பயம் விட்டுப்போனது.

சொம்பை எடுத்துத் தண்ணீர் மொண்ட பிறகுதான் விலக்கு நினைவு அவளுக்கு வந்தது. தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும். சொன்னால் அந்தப் பெண் என்ன செய்வாள்? மலைக்காரி, முறை தெரிந்தவள். ஊர் ஓட்டுக் கேட்டு வந்திருக்கிறாள். 'சரிங்கக்கா' என்று செருப்பை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவாள். எந்த நாடு என்பது தெரியும், பெயர் தெரியும். மற்றது ஒன்றும் தெரியாது. கல்யாணம் ஆனவளா, பிள்ளை உண்டா, எலெக்சனில் நிற்க யார் சொன்னது, மேடையில் ஏறினால் கால் நடுங்குமா? குடிக்கட்டும், குடித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று கண்ணாயி சொம்போடு வந்தாள்.

தேன்மொழி ஒரு கையால் சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தாள். மறு கை ஏணியில்தான் இருந்தது. அதற்குள் அண்ணாமலை பையை நிரப்பிக்கொண்டு இறங்கி வந்துவிட்டான். வந்தவன் ஏணியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான், கண்ணாயியைப் பார்த்தான். நீ சொன்னாயா என்று கண்ணால் கேட்டான். அவள் நீங்கள் சொல்லுங்கள் என்பது போல நின்றாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, கடைசியில், "வாங்கம்மிணி. ஏணி புடிச்சவங்க உண்டுட்டுத்தான் போவோணும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

சாமைச் சோறும் அவரைக் குழம்பும் இருந்தன. கண்ணாயி நாலு துண்டு குச்சிக்கிழங்கை அவித்து, மிளகாயும் பூண்டும் வைத்து நசுக்கினாள். தேன்மொழிக்கு நல்ல பசி. பிரசாரத்தில் போகிற இடமெல்லாம் டீயும் பன்னும்தானாம். கண்ணாயி எதிரே குந்திக்கொண்டாள்.

"சின்னம் என்ன கண்ணு?"

தேன்மொழி முந்தானை அட்டையைத் திருப்பிக் காட்டினாள். இஸ்திரிப் பெட்டி.

"இதை எதுக்கு எடுத்தே? நம்ம மலையில ஆரு சட்டைக்கு இஸ்திரி போடறா?"

"நான் கேட்டது பலாப்பழமுங்க. இன்னொருத்தரும் அதையே கேட்டாரு. சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. அவருக்குப் பலாப்பழம் உழுந்துச்சு, எனக்கு இது."

"அநியாயமா இருக்குதே! அவரு மலைக்காரரா?"

"கீழ்நாட்டுக்காரருங்க. மளிகைக் கடை வெச்சிருக்காரு."

கண்ணாயிக்கு அந்த மளிகைக் கடைக்காரர் மேல் உண்மையாகவே கோபம் வந்தது. பிறகு வரிசையாகக் கேட்டாள். புருஷன் மினி பஸ் ஓட்டுகிறான். பிள்ளைகள் இரண்டு, சமைத்துப் போடுவது நாத்தனார். மேடையில் முதல் நாள் கால் நடுங்கியது, இப்போது நாக்குத்தான் வறள்கிறது. எலெக்சனில் நிற்க யாரும் சொல்லவில்லை. சாயங்கால பஸ் அவள் ஊருக்கு வராமல் நின்றுபோனது. கேட்கப் போன ஆபீசில் ஒருவர், 'அத்தனை அவசரம்னா நீயே எலெக்சன்ல நின்னு பஸ் உட்டுக்கோ' என்று சிரித்தார். சரி என்று நின்றுவிட்டாள்.

"ஜெயிச்சிருவியா?"

"எங்கீங்கக்கா! பெரிய பெரிய கட்சி இருக்குது."

"அப்பறம் என்னத்துக்கு இந்த வெய்யில்ல அலையறே?"

தேன்மொழி கிழங்கைப் பிட்டுக்கொண்டே யோசித்தாள். "மொதல்ல வீம்புக்குத்தான் நின்னேன். இப்ப என்னமோ, நாலு ஊடு போறது, நாலு பேருகிட்ட நின்னு பேசறதே நல்லா இருக்குதுங்க. இத்தன நாளு பேசாம இருந்துட்டமேன்னு தோணுது."

கண்ணாயிக்கு அழுகை வந்துவிடும் போலிருந்ததால் எழுந்து போய்க் குழம்புச் சட்டியை எடுத்து வந்தாள். இப்போதாவது சொல்லிவிடு என்று மனசு சொன்னது. அந்த நேரம் பார்த்துத் தேன்மொழியே கேட்டாள். "ஏனுங்கக்கா, இத்தன மரத்துக்கு நீங்க ரெண்டே பேருதானா? ஏணி புடிக்க ஊர்ல ஆளு வரலீங்களா?"

"வருவாங்க கண்ணு" என்றாள் கண்ணாயி. "நோம்பி முடியட்டும்னு இருக்கறாங்க."

அண்ணாமலை சோற்றைப் பிசைவதை நிறுத்தி, சும்மா இருமினான்.

தேன்மொழி கை கழுவிவிட்டு, சோறு நன்றாக இருந்தது என்று இரண்டு தடவை சொல்லி, ஊர் இருக்கிற பக்கம் நடந்தாள். அவள் தலை மறைந்ததும் அண்ணாமலை பிடித்துக்கொண்டான்.

"சொல்லாமப் போட்டுட்டயே புள்ள."

"உக்காரச் சொன்னது ஆரு? நீங்கதான?"

"நீ சொல்லுவீன்னு பாத்தேன்."

"நானும் அதையேதான் பாத்தேன்."

"எந்தப் பக்கம் வந்தே, எங்க உண்டேன்னு மந்தையில கேப்பாங்க. அது சூதுவாது தெரியாத புள்ள, சொல்லிப்போடும். விலக்கு ஊட்ல உண்டவளுக்கு இந்த ஊர்ல ஒரு ஓட்டு உழுவுமா? ஏணி புடிச்சவளுக்கு நாம பண்ணுன கைம்மாறு இதுதானா?"

கண்ணாயி முந்தானையை உதறிச் செருகினாள். "நான் போயிச் சொல்லிப்போடறேன். தப்பு எம்பேர்லதான்னு சொல்றேன்."

"நீயா? மந்தையில போயி வாயத் தொறந்தீன்னா நோம்பிக்குப் பேசறேன்னது அதோட சரி. அப்பறம் நம்ம காலம் முடியற வரைக்கும் இப்படியேதான்."

அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் நடந்தாள். "நான் வார வரைக்கும் மரத்துல ஏறாதீங்க" என்று மட்டும் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

மந்தையில் பலா மரத்து நிழலில் பாதி ஊர் கூடியிருந்தது. ஜீப் இன்னும் வரவில்லை. நடுவில் பாய் விரித்துத் தேன்மொழியை உட்கார வைத்திருந்தார்கள். எதிரே ஊர்க்கவுண்டர் கருப்பண்ணன், அறுபது தாண்டியும் உடம்பு தளராத மனிதர். ஒரு காலத்தில் இந்த நாட்டிலேயே அவரைப் போல மரம் ஏற ஆள் கிடையாது. கண்ணாயி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

யமுனா டீ கொண்டுவந்து நீட்டினாள். "வேண்டாமுங்க" என்றது தேன்மொழியின் கட்டிய குரல். "இப்பத்தான் வயிறு முட்ட உண்டேன். பள்ளத்துப் பக்கம் கடைசி ஊட்ல. அவரைக் கொழம்பு."

யமுனாவின் கை நீட்டியபடியே நின்றது. கருப்பண்ணன் மெதுவாகத் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"அம்மிணி, அது விலக்கு ஊடு. தெரியாமத்தான உண்டே? தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. வாயக் கொப்புளிச்சுட்டு அம்மன் தீர்த்தம் ஒரு மடக்குக் குடி. உம்பேர்ல தப்பில்ல. மறைச்சுப் போட்டவங்க பேர்லதான் தப்பு."

தேன்மொழி எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வாய் கொப்புளிக்க அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்திருப்பாளோ மாட்டாளோ என்று பார்த்துக்கொண்டிருக்கக் கண்ணாயிக்குப் பொறுமை இல்லை. தொட்டியைச் சுற்றி வெளியே வந்துவிட்டாள்.

"அவங்களுக்குத் தெரியாதுங்க மாமா. நாந்தான் சொல்லலே."

ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. கருப்பண்ணன் பலா மரத்தின் கிளையை உற்றுப் பார்த்தபடி, "ஏம்மிணி, அந்த ஊட்டுச் சோத்தை உண்டாச்சு, இனி நீ பேசுனா என்ன, பேசாட்டி என்ன. அந்தம்மாவைக் கேளு, ஏன் மறைச்சான்னு" என்றார்.

கேள்வியைக் கேட்டவருக்கும் கேட்கப்பட்டவளுக்கும் நடுவே நாலு எட்டுத்தான் தூரம். தேன்மொழி இந்தப் பக்கம் திரும்பி, "ஏன் மறைச்சீங்கன்னு கேக்கறாருங்க" என்று சொன்னாள். பின்வரிசையில் யாரோ சிரித்து அடங்கினார்கள்.

"ஏணி புடிச்சாங்க. சொன்னா உண்ணாமப் போயிருவாங்க. ஏணி புடிச்சவங்கள எப்பிடிப் பட்டினி அனுப்பறது?" என்ற கண்ணாயி, ஒரு மூச்சு விட்டுத் திரும்பவும் தொடங்கினாள். "அது பாதி நெசந்தானுங்க. எனக்குப் பேச ஆளில்ல. சொன்னா எந்திரிச்சுப் போயிருவாங்களேன்னு பயந்துட்டேன்."

"ஏணி புடிச்சாங்..." என்று தேன்மொழி தொடங்க, கருப்பண்ணன் கேட்டுவிட்டதாகக் கையைக் காட்டினார். யமுனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீ டம்ளர் அவள் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணும் கேளு" என்றார் கருப்பண்ணன். குரல் இப்போது கொஞ்சம் இறங்கியிருந்தது. "போலீசக் கூட்டியாந்து எங்கள வரிசையா உக்கார வெச்சாங்களே, கூடப் பொறந்த தம்பியும் தூக்கி வளத்த பெரியப்பன் நானும் அதுல உக்காந்திருந்தமே. எங்க மூஞ்சியெல்லாம் அவங்களுக்குக் களவாணி மூஞ்சியாவா தெரிஞ்சுது?"

"தப்புத்தானுங்க" என்றாள் கண்ணாயி. "மூட்டை போன ஆத்திரத்துல ஆரு மூஞ்சியும் கண்ணுக்குத் தெரியலீங்க. தப்புத்தான்."

தேன்மொழி அதை எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. எச்சில் விழுங்கிவிட்டு மறுபடி திறந்தாள். வெறும் காற்று. பல நாள் கத்திய தொண்டை அந்த இடத்தில் நின்றேவிட்டது. அவள் திணறிக்கொண்டு கண்ணாயியைப் பார்த்தாள். கண்ணாயியின் வெறும் கைகளைப் பார்த்தாள். திடீரென்று கண்கள் விரிந்தன. எழுந்து நின்று இடது காலை முன்னால் வைத்து, ஒரு கையை மேலேயும் ஒரு கையைக் கீழேயும் மூடிப் பிடித்துக் காட்டினாள். பிறகு பள்ளத்துப் பக்கம் கையை நீட்டினாள். மறுபடி பிடித்துக் காட்டினாள்.

"என்ன பண்றாங்க? சின்னத்தைக் காட்டறாங்களா?" என்றாள் ஒருத்தி.

"இஸ்திரி போடறாங்களாட்ட இருக்குது."

கருப்பண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் காலையும் அந்தக் கைகளையும் ஒரு நொடி பார்த்தவர் துள்ளி எழுந்தார்.

"ஏ கண்ணாயி! நீ இங்க நிக்கறயே, அண்ணாமலைக்கு ஏணிய ஆரு புடிக்கறா?"

"ஏறாதீங்கன்னு சொல்லிட்டுத்தானுங்க மாமா வந்தேன்."

"அவனா? சொன்ன பேச்சைக் கேக்கற பயலா அவன்?"

துண்டு கீழே விழுந்ததைக்கூடப் பார்க்காமல் அவர் ஓடினார். ஊரும் பின்னாலேயே ஓடியது. அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார் என்பதே பாதித் தூரம் ஓடிய பிறகுதான் எல்லாருக்கும் உறைத்தது. ஓட்டத்திலேயே பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணாயிக்கு அது உறைக்கவில்லை. அவள் கண்ணுக்கு முன்னால் அந்தச் சில்வர் மரம் மட்டும்தான் இருந்தது.

ஏணி காப்பிச் செடிகளுக்கு நடுவே படுத்துக் கிடந்தது. அண்ணாமலை மரத்தின் நடுவுக்கு மேலே, கொடியோடு சேர்த்து மரத்தைக் கட்டிப்பிடித்து, பழைய கிளை ஒன்றின் வெட்டுமுனையில் ஒற்றைப் பெருவிரலை ஊன்றித் தொங்கிக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாகவோ. தொடை நடுங்குவது கீழிருந்தே தெரிந்தது. கத்த வேண்டிய மனிதன் கத்தாமல், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

நாலு பேர் ஏணியைத் தூக்கி நிறுத்தினார்கள். அடியைப் பிடிக்க வந்த வாலிபனைத் தள்ளிவிட்டுக் கருப்பண்ணன் தானே காலை வைத்துப் பிடித்தார்.

"எறங்குடா."

அண்ணாமலை குனிந்து பார்த்தான். "பெரியப்பா, நீங்க எதுக்கு..."

"வாய மூடிட்டு எறங்கு!"

ஒவ்வொரு கணுவாகத் தடவித் தடவி இறங்கினான். கால் மண்ணில் பட்டதும் முழங்கால் மடங்கி, கருப்பண்ணனின் காலடியில் அப்படியே சரிந்தான். அது விழுந்து கும்பிட்டதா, கால் சத்து விட்டுப்போனதா என்று இன்றைக்கும் ஊரில் இரண்டு கட்சி இருக்கிறது. கருப்பண்ணன் எதையும் கேட்கவில்லை. அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தி, முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அப்புறம் தன் உள்ளங்கையைப் பார்த்தார். மூங்கில் சிராய்த்துச் சிவந்திருந்தது. ஊர் மொத்தமும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன இருக்குது உண்ணறதுக்கு?" என்றார்.

சட்டியில் ஒன்றும் இல்லை. இருந்ததையெல்லாம் தேன்மொழிக்குப் போட்டாகிவிட்டது. "இதோ உலை வெக்கறேனுங்க மாமா" என்று கண்ணாயி வீட்டுக்கு ஓடினாள். அவளுக்கு முன்னால் யமுனா உள்ளே நுழைந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஏழு மாதம் கழித்து அந்த அடுப்பங்கரையில் இரண்டு பெண்கள். ஒருத்தி அரிசி களைந்தாள், ஒருத்தி அவரை உரித்தாள். முதலில் எதைப் பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

ரோட்டில் ஜீப் ஹாரன் அடித்தது. கண்ணாயி கை ஈரத்தோடு வாசலுக்கு வந்து பார்த்தாள். தேன்மொழி போய்விட்டிருந்தாள். ஓட்டுக் கேட்க வந்தவள் இந்த ஊரில் ஓட்டே கேட்கவில்லை. குரல் நிஜமாகவே அந்த நேரத்தில்தான் போனதா, இல்லை நேராகப் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாளா? கண்ணாயிக்குக் கேட்கத் துடித்தது. கேட்க ஆள் இல்லை. அந்தத் தேர்தலில் தேன்மொழி பெரிய வித்தியாசத்தில் தோற்றாள், பலாப்பழக்காரரும் தோற்றார். இஸ்திரிப் பெட்டிக்குக் கல்லாங்கரைப்பட்டி பூத்தில் மட்டும் இவ்வளவு ஓட்டு எப்படி விழுந்தது என்று கீழ்நாட்டில் சிலர் தலையைச் சொறிந்ததாகக் கேள்வி. அதெல்லாம் பிறகு.

அன்றைக்குக் கருப்பண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் அண்ணாமலை சுவரில் சாய்ந்திருந்தான். வெளியே ஊர் நின்றது. கண்ணாயி சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். அவர் பிசைந்து முதல் உருண்டையை வாயில் போட்டார். மென்றார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் கரண்டியோடு நின்றாள். ஒதுங்கி நிற்க வேண்டும், பெரிய மனிதர் உண்ணும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது. எல்லாம் தெரியும். ஆனாலும் முடியவில்லை.

"மாமா, உங்கூட்டுச் செவலை சினையா இருந்துச்சே, கன்னு போட்டுதுங்களா?"

கருப்பண்ணன் வாயில் இருந்த சோற்றை விழுங்கினார்.

"போட்டுச்சு. கெடேரி. தாயாட்டமே செவலை. நெத்தியில மட்டும் வெள்ளைச் சுழி."

கண்ணாயி கரண்டியைப் பிடித்தபடியே அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து, ஊர் கேட்க ஓவென்று அழுதாள்.